தையிலேயே வெயில் கொளுத்தினால் ஏரியில் ஜிலேபி பிடிப்பது எப்படி

பெங்களூரில் தை மாதம் என்றால் ஸ்வெட்டர் மாதம். ஆனால் சில வருடங்களில் பொங்கல் கரும்பு காய்வதற்குள் வெயில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ராத்திரி போர்வை வேண்டும், மதியம் ஃபேன் வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் வரும்போது ஜிலேபி மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள், நானும் பல வருடம் செய்திருக்கிறேன். விடியற்காலை நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஏரிக்கு ஓடுவதுதான் அது.

மீனுக்கு விடியற்காலைதான் நேரம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் தாய்மாமா. குடியாத்தம் பக்கத்து ஏரியில் கோடை விடுமுறையில் கற்றுக்கொண்ட பாடம். மாமா சொன்னதில் தப்பில்லை, அவர் ஏரி வேறு, அவர் சொன்ன மாதம் வேறு. ஒரு பிப்ரவரியில் ஆனேக்கல் பக்கத்து ஏரி ஒன்றில் ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை தக்கை ஒரு நடுக்கம்கூட நடுங்காமல் நின்றது. சரி, இன்றைக்கு இவ்வளவுதான் என்று சுருட்டி வைத்துவிட்டு, மரத்தடியில் கொஞ்ச நேரம் தூங்கி, எலுமிச்சை சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கம் தண்ணீர் வந்து சேரும் இடத்தில், முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில், ஒரு பையன் மூங்கில் குச்சியும் கோதுமை மாவுமாக உட்கார்ந்து அரைமணி நேரத்தில் ஆறு ஜிலேபியைத் தூக்கினான். மணி மதியம் ஒன்று. அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் ஏறியது.

ஜிலேபி என்று நாம் சொல்வது திலேபியாவை. ஆப்பிரிக்கா மீன், 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இப்போது இல்லாத ஏரி இல்லை. சூட்டைப் பிடிக்கும் மீன் இது. தண்ணீர் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் நன்றாகத் தின்னும், 20க்குக் கீழே போனால் மந்தமாகி ஆழத்தில் போய்ப் படுத்துவிடும். நம் ஊர்த் தை மாத ஏரி ராத்திரியில் குளிர்ந்து விடியற்காலையில் அந்த மந்த அளவை ஒட்டித்தான் நிற்கிறது. மதியம் வெயில் 32, 33 என்று ஏறினால் மேலே இருக்கும் ஓரடி இரண்டடித் தண்ணீர் மட்டும் சட்டென்று சூடாகிறது. கீழே இன்னும் மார்கழிதான். மீன் அந்தச் சூட்டைத் தேடி ஆழமில்லாத இடத்துக்கு வருகிறது, சாயங்காலம் திரும்பிப் போகிறது. அதனால் வெயில் முன்கூட்டியே வந்த முதல் பத்து நாளில் உங்கள் நேரம் பதினொன்றரையிலிருந்து மூன்றரை வரை. காலையில் நன்றாகத் தூங்குங்கள்.

யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் கிராப்பி என்று ஒரு மீனை இதே மாதிரி, பருவத்துக்கு முன்னால் வரும் வெயிலில், ஆழமில்லாத தண்ணீரில் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் வந்தால் மீன் கரையோரம் ஏறும் என்ற அளவில் அது நமக்கும் பொருந்தும். ஆனால் கிராப்பி குளிர்நாட்டு மீன், 16லிருந்து 20 டிகிரித் தண்ணீரிலேயே முட்டையிட ஒதுங்குகிறது, அந்தக் குளிரில் நம் ஜிலேபி வாயே திறக்காது. அவர்கள் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் நாள் வீண்.

கிளம்பலாமா என்று முடிவு செய்ய எல்லாரும் பகல் வெப்பத்தைப் பார்க்கிறார்கள். நான் ராத்திரிக் குளிரைப் பார்ப்பேன். பகல் 33 அடித்து ராத்திரி 14க்கு இறங்கினால் ஏரி பகலில் வாங்கியதை ராத்திரியே திருப்பிக் கொடுத்துவிடும். ராத்திரிக் குறைந்தபட்சம் 17, 18 என்று மூன்று நான்கு நாள் தொடர்ந்து நின்றால்தான் தண்ணீரில் சூடு சேர்கிறது. நான்காம் நாள் மதியம் போங்கள். முதல் நாள் வெயிலைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனால் வெறுங்கைதான்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டு மீன் தொட்டிக்குப் போடுவார்களே, அதே போதும். அதை நேராகத் தண்ணீருக்குள் விட்டு இழுத்தால் மேலே வருவதற்குள் எண் மாறிவிடும். ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பக்கம் நாலைந்து ஓட்டை போட்டு, அதற்குள் தெர்மாமீட்டரையும் நாலு ஈயக்குண்டையும் போட்டு, கயிறு கட்டி வேண்டிய ஆழத்துக்கு இறக்குங்கள். மூன்று நிமிடம் விட்டு வேகமாக இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீரோடு பாட்டில் மேலே வரும், உள்ளே இருக்கும் எண் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். ஓரடி ஆழத்திலும் ஐந்தடி ஆழத்திலும் பாருங்கள். இரண்டுக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் மீன் மேலே இருக்கிறது என்று நம்பி ஆழமில்லாத பக்கம் போகலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் எங்கேயும் இருக்கலாம், அது கஷ்டமான நாள்.

இனி இடம். பெங்களூர் ஏரிகள் பெரும்பாலும் இயற்கையாக வந்தவை அல்ல, ஓடையை மறித்துக் கட்டியவை. ஒரு பக்கம் கரை, அதில் மதகு, ஓரத்தில் மிஞ்சிய தண்ணீர் வழியும் கலிங்கு. எதிர்ப்பக்கம் தண்ணீர் வந்து சேரும் மேட்டு வாய். கரையை ஒட்டித்தான் ஆழம் அதிகம், மேட்டு வாயை நோக்கிப் போகப் போக ஆழம் குறையும். நடைபாதை போட்டு பெஞ்சு வைத்திருப்பது கரை மேல் என்பதால் எல்லாரும் அங்கேயே உட்காருகிறார்கள். தையில் அங்கே உட்காராதீர்கள். மேட்டு வாய்ப் பக்கம் போய், கோரையும் சம்பும் நிற்கும் இடத்துக்கு முன்னால் இரண்டடித் தண்ணீரைத் தேடுங்கள். அடிமண் கருப்பாக இருந்தால் இன்னும் நல்லது, வெயிலைச் சீக்கிரம் வாங்கும். கல் பதித்த கரைச் சரிவும் மதியத்தில் நன்றாகச் சுடும், மேட்டு வாய்க்குப் போக வழியில்லை என்றால் அந்தக் கல்லை ஒட்டி இரண்டடி ஆழத்தில் போடுங்கள்.

அப்புறம் காற்று. இந்த மாதங்களில் நமக்குக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும். சூடான மேல்தண்ணீரைக் காற்று தள்ளிக்கொண்டு போய் மேற்குக் கரையில் குவிக்கும். காற்று முகத்தில் அடிக்கும் கரையில் நின்றால் தூண்டில் வீசுவது தொல்லை, நரம்பு, அதாவது தூண்டில் நூல், வயிறு போட்டு வளையும், தக்கை கரைக்கே திரும்பி வரும். ஆனாலும் அங்கேதான் நிற்க வேண்டும், மீனும் அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் தெளிவாக இருந்தால் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்ட வட்டமாகக் குழி தெரியும். அது ஆண் ஜிலேபி வாயால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுத் தோண்டியது. ஆண் அப்போது கருத்து, துடுப்பு ஓரம் சிவந்து நிற்கும். பெண் வந்து குழியில் முட்டையிட்டு, முட்டையைத் தன் வாயிலேயே எடுத்து அடைத்துக்கொண்டு போய்விடும். குஞ்சு வெளியே வரும்வரை கிட்டத்தட்ட எதையும் தின்னாது, அதைத் தூண்டிலில் எதிர்பார்க்க வேண்டாம். ஆண் அப்படி இல்லை. குழிக்குள் எது விழுந்தாலும் வாயால் எடுத்து வெளியே துப்பும். பசிக்காகக் கடிப்பதில்லை, வீட்டைப் பெருக்குகிறது. அதனால் இரை குழியில் இறங்கியதும் தக்கை ஒரு பக்கமாக நகரும், உடனே மணிக்கட்டை லேசாக உயர்த்திக் குத்த வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் துப்பிவிட்டிருக்கும். முட்டையிடும் நேரத்தில் பிடிப்பது பாவமில்லையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கட்லா, ரோகு என்றால் நானே விட்டுவிடுவேன், ஜிலேபி ஏரியில் பெருகிப் பெருகி உள்ளங்கை அளவுக்கு மேல் வளரவே இடமில்லாமல் கிடக்கிறது, நாலு குறைந்தால் மற்றதுக்கு நல்லது.

சாமான் எளிது. பத்துப் பன்னிரண்டு அடி டெலஸ்கோப் ராடு ஒன்று, ரீல் தேவையில்லை. நரம்பு 0.20 மில்லிமீட்டர் போதும். கட்லா இருக்கும் ஏரி என்றால் 0.25. முள் 10ம் நம்பர். நம்பர் கூடக் கூட முள் சின்னதாகும் என்பது புதிதாக வாங்குகிறவர்களைக் குழப்பும், கடையில் 'சின்ன மீன் முள்' என்று சொல்லி விரல் நகம் அளவில் கேட்டு வாங்குங்கள். ஜிலேபியின் வாய் சின்னது, பெரிய முள்ளைப் போட்டுவிட்டு மீன் ஏமாற்றுகிறது என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தக்கை மெலிதாக, பென்சிலை விட ஒல்லியாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் உருண்டைத் தக்கையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல், அதை மூழ்கடிக்க ஒரு கிலோ மீனாவது வேண்டும். சோளத்தட்டையின் உள் நெட்டியை விரல் நீளத்துக்கு வெட்டிக் கட்டினால் இலவசம், நுனி மட்டும் தெரிகிற மாதிரி ஈயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈயம் முள்ளிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும். இப்படிக் கட்டினால் மீன் இரையைத் தூக்கும்போது ஈயமும் சேர்ந்து தூக்கப்பட்டு, தக்கை மூழ்காமல் மேலே எழும்பிப் படுக்கும். அதுவும் கடிதான். மூழ்கினால்தான் கடி என்று காத்திருந்தவன் நான், எத்தனை மீன் தின்றுவிட்டுப் போனதோ.

இரைக்கு மண்புழுவும் சரி, மாவும் சரி. வெயிலில் மண்புழு டப்பாவிலேயே வெந்துவிடும், ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், முழுப் புழுவைப் போடாமல் அரை அங்குலமாகக் கிள்ளிப் போடுங்கள். மாவு என்றால் கோதுமை மாவில் கொஞ்சம் கடலை மாவு, நசுக்கிய பூண்டு ஒரு பல், தண்ணீர் குறைவாக விட்டுச் சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். வெயில் ஏறினால் மாவு இளகி, வீசும்போதே கழன்று பறக்கும். அதற்குப் பஞ்சுதான் மருந்து. கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து மாவோடு சேர்த்துப் பிசைந்தால் முள்ளிலேயே நிற்கும். உருண்டை பச்சைப்பயறு அளவு, அதற்கு மேல் வேண்டாம். மீனைக் கூட்டத் தவிடும் புண்ணாக்கும் கலந்து போடுவது வழக்கம், ஆனால் சூடான ஆழமில்லாத தண்ணீரில் அதைக் கிலோக்கணக்கில் கொட்டினால் தின்னாத மிச்சம் அழுகி அந்த இடத்தையே கெடுக்கும். எலுமிச்சை அளவு உருண்டை அரைமணிக்கு ஒன்று போதும்.

ஆழம் வைக்கும்போது இரை அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை என்றால் தக்கையை அரையடி கீழே இறக்குங்கள், இரை மேலே வரும். இன்னும் இல்லையா, இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஒரே இடத்தில் தவம் கிடப்பது விராலுக்குச் சரிப்படலாம், ஜிலேபிக்கு இல்லை. வானம் மூடிக்கொண்டால், அல்லது மூன்றரைக்கு மேல் கடி நின்றால், மேட்டு வாயிலிருந்து கரைப் பக்கமாக நகர்ந்து நாலடி ஆழத்தில் போட்டுப் பாருங்கள், மீன் அந்தச் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும். உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டடித் தண்ணீரில் நிழல் விழுந்தால் கூட்டமே கலையும்.

இதெல்லாம் வெயில் வந்த முதல் சில நாள் கதை. வெயில் போகாமல் மாசி முழுக்க நின்றுவிட்டால் கணக்கு தலைகீழாகும். 2024 ஏப்ரல் 28 அன்று பெங்களூரில் 38.5 டிகிரி, 2016 ஏப்ரலில் 39.2 வரை போயிருக்கிறது, அந்த மாதிரி வருடங்களில் ஏரி ஏப்ரலுக்கு முன்பே திணறத் தொடங்கும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை வைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் ஏழரைதான், அதுவும் கடல் மட்டத்தில். நாம் 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அதனால் அதிலும் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். கழிவுநீர் கலந்து பச்சையாக நிற்கும் ஏரியில் பாசி பகலில் ஆக்சிஜனைக் கொடுக்கிறது, ராத்திரி முழுக்க அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆக, ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது எப்போது? சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால். மாமாவின் தெளிந்த ஏரியில் விடியற்காலை சொர்க்கம், நம் பச்சை ஏரியில் அது மீனுக்கு மூச்சு முட்டும் நேரம். மூச்சு முட்டுகிற மீன் எதற்கு மாவு தின்னப் போகிறது?

அதனால் நீண்ட வெயிலில் காலை எட்டரை, ஒன்பதுக்கு மேல் பதினொன்று வரை, அப்புறம் நாலரையிலிருந்து இருட்டும்வரை. நடு மதியம் வேண்டாம். இடமும் மாறும்: மேட்டு வாயை விட்டுவிட்டுக் காற்று அலை வந்து மோதும் கரை, மர நிழல், நல்ல தண்ணீர் விழும் இடம் எதுவோ அது. ஆழம் நடுவாக வையுங்கள், அடியில் வேண்டாம், இந்த நாட்களில் அடியில்தான் ஆக்சிஜன் செத்துக் கிடக்கும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஐயோ எவ்வளவு மீன் என்று சந்தோஷப்படாதீர்கள். ஜிலேபி ரொம்பக் குறைந்த ஆக்சிஜனையும் தாங்கும் மீன், அதுவே மேலே வந்து திணறினால் ஏரி படுமோசம். தூண்டிலைக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன் செத்து மிதந்ததை எங்கள் பேட்டையில் யாரும் மறக்கவில்லை, நாற்றம் அப்படி.

மாங்காய் மழை என்று முதல் கோடை மழை வரும்போதும் இதே எச்சரிக்கைதான். வெயில் தணிந்தது என்று நினைப்போம். ஆனால் அதுவரை காய்ந்து கிடந்த சாக்கடை எல்லாம் ஒரே அடியாக ஏரிக்குள் வந்து இறங்கும். நான் ஒரு வாரம் போகவே மாட்டேன்.

எந்த ஏரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகருக்குள் பல ஏரிகளில் மீன் பிடிக்கக் கூடாது என்று பலகையே வைத்திருப்பார்கள். வெளியே இருக்கும் ஏரிகளில் பிடிக்கும் உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரர் காசு போட்டுக் கட்லா, ரோகு குஞ்சு விட்டிருப்பார், கேட்காமல் தூண்டில் போட்டால் அது திருட்டு. காவலுக்கு ஒருவர் இருப்பார். எடுத்த எடுப்பில் தமிழில் ஆரம்பிக்காமல், மீன் பிடிக்கலாமா அண்ணா என்பதைக் கன்னடத்தில் 'மீனு ஹிடியபஹுதா அண்ணா' என்று மரியாதையாகக் கேளுங்கள், பாதி நேரம் பதில் தமிழில்தான் வரும். ஜிலேபி மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கட்லா விழுந்தால் விட்டுவிடுகிறேன் என்றால் பலர் ஒப்புக்கொள்வார்கள், சிலர் நாளுக்கு இவ்வளவு என்று காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

தின்பதற்கு என்றால் இன்னும் ஜாக்கிரதை. பெல்லந்தூர் ஏரி 2017லும் 2018லும் தீப்பிடித்தே எரிந்தது, அந்த மாதிரி தண்ணீரில் வளர்ந்த மீனை யார் இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். தொழிற்சாலைக் கழிவு வரும் ஏரி, நுரை நிற்கும் ஏரி, பச்சை பெயின்ட் கொட்டிய மாதிரி மேலே ஏடு படர்ந்த ஏரி, மூன்றிலும் பொழுதுபோக்குக்குக்கூட உட்கார வேண்டாம்.

பிடித்த மீனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைப்பது பெரிய அநியாயம், ஒரு மணி நேரத்தில் கெட்டுவிடும். தலையில் ஒரு தட்டுத் தட்டி உடனே முடித்து, மீன் எடைக்குச் சமமாக ஐஸ் போட்ட பெட்டியில் வையுங்கள். வெயில் நாளில் பிடித்த ஜிலேபிக்கு மண் வாடை கூடுதலாக இருக்கும், அது பாசியிலிருந்து வருவது. வயிற்றுக்குள் இருக்கும் கருப்புத் தோலைச் சுரண்டி எடுத்து, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். புளிதான் முக்கியம், வெறும் உப்பில் போகாது. குழம்புக்கும் அன்றைக்குப் புளியைக் கொஞ்சம் தூக்கலாகவே விடச் சொல்லுங்கள், சின்ன மீனாக இருந்தால் குழம்பை மறந்துவிட்டு மொறுமொறுவென்று வறுத்துவிடுங்கள்.